கணக்கு என்றால் வெறும் கணக்கா?

சிராங்கூன் சாலை வட்டாரத்து மளிகைக் கடைகளில் ஒரு காலத்தில் கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு குட்டிப் புத்தகம் கிடக்கும். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அட்டையில் பெரிதாக 555 என்று அச்சிட்டிருக்கும். அரிசி, பருப்பு, எண்ணெய் வாங்கியவர் காசை எடுக்காமல், "அண்ணே, கணக்குல எழுதிக்குங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கடைக்காரர் பென்சிலை எடுப்பார். சம்பள நாளன்று கணக்குத் தீரும். மலாய்க்காரர்கள் அதே புத்தகத்தை 'புக்கு தீகா லீமா' என்பார்கள். மூன்று ஐந்து போட்ட புத்தகம் என்று பொருள்.

இன்று அதே வட்டாரத்தில் பள்ளி விட்டு வரும் ஒரு தமிழ்ப் பிள்ளையை நிறுத்தி, "இன்னிக்கு என்ன டியூஷன்?" என்று கேட்டுப் பாருங்கள். "மேத்ஸ்" என்று பதில் வரும். "கணக்கு" என்று சொல்கிற பிள்ளையைக் காண்பது அரிது. அப்படியானால் அந்தச் சொல் வீட்டை விட்டே போய்விட்டதா? இல்லை. "அவன் என்னமோ கணக்குப் போடறான்" என்கிறார் அப்பா. "மணிக்கணக்கா போனு பேசற" என்கிறார் அம்மா. "உங்க சித்தப்பா பேச்செல்லாம் ஒரு கணக்கா?" என்கிறார் பாட்டி. தப்புக்கணக்கு, மனக்கணக்கு, கணக்கு வழக்கு, ஆயிரக்கணக்கு என்று ஒரு நாளைக்குப் பத்து முறையாவது அந்தச் சொல் காதில் விழுகிறது. அந்தப் பத்தில் ஒன்றுகூடப் பள்ளிக்கூடத்துக் கணக்கு இல்லை.

ஒரே சொல்லுக்கு எப்படி இத்தனை வேலை வந்தது? இதற்கு விடை தேடிப் போனால் அது சங்கப் புலவரின் பெயரில் நிற்கிறது. உத்தரமேரூர்க் கல்வெட்டில் நிற்கிறது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் நிற்கிறது. நம் மார்க்கெட் ஸ்திரீட்டிலும் வந்து நிற்கிறது.

எழுத்தும் ஒரு கணக்கு

கணக்கு என்றால் எண் சம்பந்தப்பட்டது என்றுதான் இன்று நினைக்கிறோம். பழந்தமிழில் அது எழுத்துக்கும் சொந்தமான சொல். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என 247 எழுத்துகளையும் முறையாக அடுக்கி வைத்த வரிசைக்கு என்ன பெயர்? நெடுங்கணக்கு. அரிச்சுவடி என்று பிற்காலத்தில் சொன்னதும் அதைத்தான். வரிசை குலையாமல் அடுக்கி வைத்தது எதுவோ அது கணக்கு. எண்ணாக இருந்தாலும் சரி, எழுத்தாக இருந்தாலும் சரி.

அந்த எழுத்தையும் நூலையும் கற்பித்த ஆசிரியருக்குக் கணக்காயர் என்று பெயர். சங்கப் புலவர் நக்கீரரைப் பழைய குறிப்புகள் 'மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார்' என்றே சொல்கின்றன. அவருடைய தந்தை ஏதோ ஒரு கடையில் வரவு செலவு எழுதியவர் என்று நினைத்துவிடக் கூடாது. மதுரையில் பாடம் சொல்லிக்கொடுத்த ஆசிரியர் என்பதே அந்தப் பெயருக்குப் பொருள். இன்றைய வழக்கில் சொன்னால் நக்கீரர் ஒரு வாத்தியார் பிள்ளை.

நூல்களுக்கும் அதே சொல்லைத்தான் வைத்தார்கள். பத்துப்பாட்டும் எட்டுத்தொகையும் சேர்ந்த பதினெட்டும் பதினெண்மேற்கணக்கு. திருக்குறள், நாலடியார் முதலிய பதினெட்டும் பதினெண்கீழ்க்கணக்கு. இங்கே மேல், கீழ் என்பது உயர்வு தாழ்வைச் சொல்வதன்று. பாட்டின் அளவைப் பற்றியது. அடிகள் நீண்டு ஓடுகிற பாடல்களின் தொகுதி மேற்கணக்கு. குறளும் வெண்பாவுமாகச் சில அடிகளிலேயே முடிந்துவிடுகிற பாடல்களின் தொகுதி கீழ்க்கணக்கு. பாட்டியல் இலக்கண நூல்கள் இந்த வகைப்பாட்டுக்கு விதியும் சொல்கின்றன. பள்ளியில் திருக்குறள் ஒப்புவிக்கிற பிள்ளை தனக்குத் தெரியாமலேயே ஒரு 'கணக்கு'ப் புத்தகத்தைத்தான் படிக்கிறது!

மணிமேகலை இன்னும் ஒரு படி மேலே போகிறது. அதன் இருபத்தேழாவது காதைக்குப் பெயர் 'சமயக்கணக்கர் தம் திறம் கேட்ட காதை'. மணிமேகலை துறவி வேடத்தில் வஞ்சி நகருக்குப் போய் வேதவாதி, சைவவாதி, வைணவவாதி, ஆசீவகர், நிகண்டவாதி, சாங்கியர், வைசேடிகர், பூதவாதி என்று ஒவ்வொருவராகக் கேட்டு அவரவர் கொள்கையை அறிகிறாள். இவர்களுக்குத்தான் சமயக்கணக்கர் என்று பெயர். ஒரு கொள்கையை முதலிலிருந்து முடிவு வரை ஒழுங்காக எடுத்துவைத்து, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லக் கூடியவர் கணக்கர்.

இந்த இடத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒழுங்காக அடுக்க வேண்டும். கேட்டால் பதில் சொல்ல வேண்டும். கணக்கு என்ற சொல்லின் உயிர் இந்த இரண்டிலும் இருக்கிறது. கூட்டல் கழித்தல் அதன் ஒரு பகுதிதான். எண்ணையும் எழுத்தையும் இரு கண்கள் என்று வள்ளுவர் கல்வி அதிகாரத்தில் சேர்த்து வைத்ததும் இந்தப் பழக்கத்தில் வந்ததே.

கணக்குக் காட்டாதவருக்கு இடமில்லை

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்தரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு இருக்கின்றன. அவற்றின் காலம் கி.பி. 919, 921. குடவோலை முறையில் ஊர்ச்சபை வாரியங்களுக்கு ஆள் எடுத்ததைப் பற்றிப் பள்ளிப் புத்தகத்திலேயே படித்திருப்போம். முப்பது குடும்புகளாக ஊரைப் பிரித்து, பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டுக் குலுக்கி எடுத்த ஏற்பாடு அது.

அந்தக் கல்வெட்டில் யாருக்குத் தகுதி உண்டு என்பதைவிட, யாருக்குத் தகுதி இல்லை என்ற பட்டியல்தான் சுவையானது. அதில் முன்னே நிற்கிறவர் யார் தெரியுமா? இதற்கு முன் ஏதாவது ஒரு வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவர். அவர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினர்களின் பெயரையும் குடத்தில் இடக்கூடாது. சித்தி மகன், மாமன், மைத்துனன் என்று உறவு முறைகளை ஒவ்வொன்றாகச் சொல்லி அடைக்கிறது கல்வெட்டு. பினாமியாக உள்ளே நுழைவதற்கு அன்றே கதவு சாத்தியாயிற்று!

ஊர்க் கணக்கு எழுதுகிறவருக்கும் விதி உண்டு. அவர் நேர்மையாகப் பொருள் ஈட்டுபவராக இருக்க வேண்டும். தாம் எழுதிய கணக்கைப் பெரியவர்கள் முன்னால் தாமே கொண்டுவந்து காட்ட வேண்டும். சரியென்று அவர்கள் ஏற்ற பிறகுதான் மறுபடி அந்த வேலைக்கு வரலாம். ஒருவர் எழுதிய கணக்கை இன்னொருவர் வந்து முடிக்கக் கூடாது. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முந்தைய தணிக்கை விதி இது.

அந்த ஊர்ச்சபை எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அது பிராமணர் ஊர். நிலமும் சொந்த மனையும் வேதக் கல்வியும் உள்ளவர்க்கே குடத்தில் இடம். நிலத்தில் உழுதவர்க்கு அங்கே ஓலை இல்லை. ஆனாலும் பொதுப்பணத்தைத் தொட்டவன் பதில் சொல்லியாக வேண்டும் என்ற கருத்து கல்லில் ஏறியிருக்கிறது. அதற்கு அவர்கள் எடுத்தாண்ட சொல், கணக்கு.

1010ஆம் ஆண்டில் முடிந்த தஞ்சைப் பெரிய கோயிலின் சுவர்களும் ஒரு கணக்குப் புத்தகம்தான். ராஜராஜன் கொடுத்த நகை ஒவ்வொன்றும் கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என்று நிறுத்துக் கல்லில் பதிவாகியிருக்கிறது. கோயிலுக்குக் கணக்கு எழுத ஆள் அனுப்பும்படி ஊர்ச்சபைகளுக்கு உத்தரவும் அங்கே இருக்கிறது. கொடுத்தவன் அரசன், வாங்கியவர் இறைவன். அப்படியும் குன்றிமணி எடைகூடத் தவறாமல் எழுதினார்கள். 'ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு' என்ற பழமொழி சும்மா வரவில்லை.

இந்தப் பழக்கம் மேலுலகம் வரைக்கும் போய்விட்டது. மனிதர் செய்யும் நல்லது கெட்டதை எழுதி வைக்க எமனுக்கே ஒரு கணக்கர் வேண்டியிருந்தது. அவர் சித்திரகுப்தர். காஞ்சிபுரத்தில் அவருக்குத் தனிக்கோயில் இருக்கிறது. சித்ரா பௌர்ணமி அவருக்குரிய நாள்.

பலாப்பழமும் துறைமுகமும்

இத்தனை கணக்கையும் படித்தவர்கள் எங்கே படித்தார்கள்? திண்ணைப் பள்ளிக்கூடத்தில். அங்கே எண்சுவடி உண்டு. பொன்னிலக்கம், நெல்லிலக்கம் உண்டு. முந்திரி என்றால் முந்நூற்றிருபதில் ஒன்று. மாகாணி என்றால் பதினாறில் ஒன்று. இத்தகைய பின்னங்களைப் பிள்ளைகள் மணலில் எழுதி, வாய்விட்டுச் சொல்லி, மனத்தில் ஏற்றினார்கள். 'முக்காலே மூணு வீசம்' என்று இன்றும் சொல்கிறோமே, வீசம் என்பது அந்தப் பதினாறில் ஒன்றுதான். முக்காலோடு மூன்று வீசம் சேர்ந்தால் ஒன்றுக்கு ஒரு வீசம் குறைவு. ஏறக்குறைய முழுவதும் என்பதை இவ்வளவு துல்லியமாகச் சொல்ல ஒரு மொழிக்கு எவ்வளவு பழக்கம் இருந்திருக்க வேண்டும்!

காரி நாயனார் எழுதிய 'கணக்கதிகாரம்' இந்த மரபின் புகழ்பெற்ற நூல். முழுவதும் செய்யுள். நிலம் அளப்பது, நெல் அளப்பது, பொன்னுக்கு மாற்றுப் பார்ப்பது எல்லாம் பாட்டாகவே இருக்கும். அதில் ஒரு பாட்டு, பலாப்பழத்தை வெட்டாமலே உள்ளே எத்தனை சுளை என்று சொல்ல வழிகாட்டுகிறது. காம்பைச் சுற்றியிருக்கிற முள்ளை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்க வேண்டுமாம். எல்லாப் பழத்துக்கும் இது சரியாக வருமா என்பது வேறு விஷயம். பழத்தைப் பார்த்ததும் கணக்கு நினைவுக்கு வந்த ஒரு சமூகம் இருந்தது என்பதே இதில் கவனிக்க வேண்டியது. இந்தச் சுவடிகளையும் திண்ணைப் பள்ளிகளையும் ஆராய்ந்து செந்தில் பாபு எழுதிய ஆங்கில நூல் 2022இல் வெளிவந்தது. நிலத்தில் கயிறு பிடித்தவரின் கணக்கும் ஓலையில் எழுதியவரின் கணக்கும் ஒன்றோடொன்று எப்படி உறவாடின என்று அது விரிவாகப் பேசுகிறது.

அந்தப் பள்ளியில் தேறியவர் கணக்குப்பிள்ளை ஆனார். பதினாறாம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறைக்கு வந்த பாதிரிமார்கள், கோயிலைப் பார்த்துக்கொண்டு ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்த உள்ளூர்க்காரரையும் கணக்குப்பிள்ளை என்றே அழைத்தார்கள். கணக்காயர் என்ற பழைய பொருள் மறுபடி தலைகாட்டுகிறது, பாருங்கள். சென்னையில் ஆங்கிலேயர் இந்தச் சொல்லைக் 'கானிகாப்பலி' என்று வாய்க்கு வந்தபடி திரித்துத் தங்கள் அகராதியிலேயே சேர்த்துக்கொண்டார்கள்.

கணக்கின் இரண்டு பொருளும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்த கதையும் உண்டு. கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக்கடைக் கணக்கரின் மகன், 1912இல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் கணக்குப் பிரிவில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். சம்பளம் மாதம் 30 ரூபாய். அலுவலகக் கணக்கை முடித்துவிட்டு மிச்ச நேரத்தில் அவர் போட்ட கணக்குகளை உலகம் இன்னும் பிரித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அவர் சீனிவாச ராமானுஜன்.

அரைப்பேர்

கணக்குக்கு ஒரு இருண்ட பக்கமும் இருக்கிறது. கணக்கு எழுதத் தெரிந்தவன் ஒருவன், தெரியாதவர் நூறு பேர் என்றால் என்ன ஆகும்?

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் கணக்கப்பிள்ளை ஒரு பெரிய பதவி. அன்றன்று யார் வேலைக்கு வந்தார், எவ்வளவு கொழுந்து பறித்தார் என்பது அவருடைய கையில். சொன்ன அளவு எடை வராவிட்டால் 'அரைப்பேர்' போடுவார்கள். நாள் முழுவதும் மலையேறி இறங்கிய பெண்ணுக்கு அன்றைக்குப் பாதிப் பெயர், பாதிக் கூலி. முழு மனுஷியைப் பாதியாக்க ஒரு பேனாக்கோடு போதுமானதாக இருந்தது.

அதைவிடக் கொடியது துண்டு முறை. தொழிலாளியின் கடன் எவ்வளவு என்று எழுதிய ஒரு காகிதத் துண்டு அது. அந்தக் கடனைக் கட்டுகிற தோட்டத்துக்கு ஆளை அனுப்புவார்கள். கடன் எங்கே போகிறதோ ஆளும் அங்கே போக வேண்டும். துண்டில் எழுதியிருப்பது சரியா தவறா என்று படித்துப் பார்க்க அவர்களில் பெரும்பாலோருக்குத் தெரியாது. 1921இல் அந்த முறையைச் சட்டம் போட்டு ஒழித்தார்கள்.

மலாயா ரப்பர்த் தோட்டங்களில் அந்த நாற்காலியில் இருந்தவர் கிராணி. பெயர் வேறு, பேனா ஒன்றுதான். தமிழ்நாட்டுக் கிராமங்களிலும் கர்ணம் என்ற ஊர்க் கணக்கர் பதவி பரம்பரைச் சொத்துபோல வழிவழியாக வந்தது. நிலம் யாருடையது என்பதை அவருடைய ஏடு சொல்லும். 1980இல் எம்.ஜி.ஆர். அரசு அந்தப் பதவியை ஒழித்துவிட்டுக் கிராம நிர்வாக அலுவலர் முறையைக் கொண்டுவந்தது.

உத்தரமேரூரில் கணக்கு எழுதியவன் பதில் சொன்னான். தோட்டத்தில் கணக்கு எழுதியவனிடம் யாரும் கேள்வி கேட்க முடியவில்லை. சொல் ஒன்றுதான். அதைப் படிக்கத் தெரிந்த கண்கள் எத்தனை என்பதில்தான் வித்தியாசம்.

செட்டித் தெருவின் பேரேடுகள்

இனி நம் ஊருக்கு வருவோம். சிங்கப்பூரில் நகரத்தார் 1820களிலேயே வந்துவிட்டார்கள். மார்க்கெட் ஸ்திரீட்டில் அவர்களுடைய கிட்டங்கிகள் இருந்தன. தமிழர் வாயில் அது செட்டித் தெரு. நீளமான ஒரு கூடம். ஒவ்வொரு கடைக்கும் ஓர் இடம், ஓர் அலமாரி, சம்மணமிட்டு உட்கார்ந்து எழுத ஒரு சாய்வுப் பெட்டி. பகலில் கடை, இரவில் அதே இடத்தில் படுக்கை. ஏஜெண்டுகள் பெரும்பாலும் மூன்றாண்டுத் தவணையில் வந்து போனார்கள். அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று வேலைப் படிகள் இருந்தன. பெட்டியடிப் பையனாக வந்தவன் ஏவல் செய்துகொண்டே கணக்குப் படிப்பான். அதுவும் ஒரு திண்ணைப் பள்ளிதான்.

பிள்ளையார் சுழி போட்டுத்தான் ஏடு தொடங்கும். குறிப்பு, பேரேடு, ஐந்தொகை என்று கணக்குகள் அடுக்கடுக்காகப் போகும். கடைகளுக்கு எழுத்துகளே விலாசம். மூனா, ரூனா, லேனா என்று முதலெழுத்துகளைச் சொன்னால் எந்த ஊர், எந்த வீடு என்று தெரிந்துவிடும். இறைவன் பெயரிலும் ஒரு கணக்கு உண்டு. வியாபாரத்தில் மகமை என்று ஒரு பங்கை எடுத்து அந்தக் கணக்கில் வரவு வைப்பார்கள். 1859இல் டேங்க் ரோட்டில் எழுந்த தண்டாயுதபாணி கோயில் இத்தகைய சமூகக் கட்டுக்கோப்பில் வளர்ந்தது.

ஐரோப்பிய வங்கிகள் ஏறெடுத்துப் பார்க்காத சிறு வியாபாரிகளுக்கும் நிலம் வாங்க நினைத்தவர்களுக்கும் செட்டித் தெருவில் பணம் கிடைத்தது. வட்டி ஏறிச் சொத்தை இழந்தவர்களும் இருந்தார்கள். இரண்டுமே அந்தப் பேரேட்டில் இருந்தன.

1942 பிப்ரவரி 15ஆம் தேதி சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்தபோது இந்தப் பேரேடுகள் இதுவரை காணாத சோதனையைக் கண்டன. வாழைமரம் அச்சிட்ட ஜப்பானிய நோட்டு புழக்கத்துக்கு வந்தது. மாதத்துக்கு மாதம் அதன் மதிப்பு சரிந்தது. பழைய கடனைப் புதிய நோட்டால் அடைக்க வந்தவரிடம் கடன் கொடுத்தவர் என்ன சொல்வார்? வாங்காமல் இருக்கவும் பயம், வாங்கினால் நட்டம். 1945இல் போர் முடிந்ததும் அந்த நோட்டு வெறும் காகிதமாயிற்று. தீர்ந்த கணக்கு தீர்ந்ததுதானா, தீராததா? மலாயாவில் 1948இல் இதற்கென்றே ஒரு சட்டம் வந்தது. எந்தக் காலத்து ஜப்பானியப் பணத்துக்கு உண்மையில் என்ன மதிப்பு என்று அட்டவணை போட்டுத்தான் அந்தச் சிக்கலை அவிழ்க்க வேண்டியிருந்தது.

இந்த உலகத்தை இலக்கியத்தில் வைத்தவர் ப. சிங்காரம். இந்தோனீசியாவில் ஒரு கடையில் வேலை பார்த்தவர். 'கடலுக்கு அப்பால்', 'புயலிலே ஒரு தோணி' ஆகிய இரண்டு நாவல்களிலும் வட்டிக்கடைப் பையன்கள் ஜப்பானியர் காலத்தில் துப்பாக்கி தூக்குகிறார்கள். போர் முடிந்ததும் பழைய பெட்டிக்குத் திரும்புவதா என்ற கேள்வி அவர்கள் முன் நிற்கிறது. பெட்டியடியில் உட்கார்ந்து போட்ட கணக்கும் வாழ்க்கை போட்ட கணக்கும் ஒத்துப்போகாத இடத்தில்தான் அந்தக் கதைகள் நடக்கின்றன.

மார்க்கெட் ஸ்திரீட்டில் இன்று கிட்டங்கி இல்லை. தெரு மட்டும் அதே பெயரோடு வங்கிகளுக்கும் வானளாவிய கட்டடங்களுக்கும் நடுவில் கிடக்கிறது. கணக்கு அங்கே இன்றும் நடக்கிறது, தமிழில் இல்லை.

பாதிச் சொல் போன பிறகு

சிங்கப்பூரில் தமிழில் கணக்குப் பாடம் நடந்த காலம் ஒன்று உண்டு. தமிழ்ப் பள்ளிகளில் கூட்டலும் பெருக்கலும் தமிழ் வாய்ப்பாட்டில்தான். கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1946இல் தொடங்கிய உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளி பின்னர் உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்தது. மாணவர் எண்ணிக்கை குறைந்து 1982இல் அதுவும் மூடப்பட்டது. 1987இல் எல்லாப் பள்ளிகளும் ஆங்கிலத்தை முதல்மொழியாகக் கொண்டன. தமிழ் ஒரு பாடமாயிற்று. உமறுப் புலவர் பெயர் தமிழ்மொழி நிலையம் ஒன்றில் நிலைத்திருக்கிறது.

அன்றிலிருந்து கணக்கு என்ற சொல்லில் ஒரு பாதி பெயர்ந்து போயிற்று. பின்னமும் இயற்கணிதமும் மேத்ஸ் வகுப்புக்குப் போயின. இதனால் பிள்ளைகளுக்கு நட்டம் என்று சொல்லிவிட முடியாது. அவர்கள் கணிதத்தில் கெட்டிக்காரர்களாகவே வளர்கிறார்கள். ஆங்கிலக் கணிதம் அவர்களுக்கு வேலையும் உலகமும் தருகிறது. ஆனால் 'முக்காலே மூணு வீசம்' என்று தாத்தா சொல்லும்போது அது பதினாறில் பதினைந்து என்று பேரனுக்குத் தோன்றுவதில்லை. சொல் காதில் விழுகிறது, அதற்குள் இருக்கும் எண் விழுவதில்லை. மற்றப் பாதியாவது முழுதாக இருக்கிறதா என்பதே இப்போது கேட்க வேண்டியது.

எண்ணையும் எழுத்தையும் மறுபடி சேர்த்து வைக்க முயன்றவர் ஒருவர் இதே சிங்கப்பூரில் இருந்தார். எழுத்தாளரும் தேசியக் கல்விக் கழக விரிவுரையாளருமான நா. கோவிந்தசாமி. 1995இல் சிங்கப்பூர்க் கவிதைகள் நான்கு மொழிகளிலும் இணையத்தில் ஏறியபோது தமிழ் அங்கே தெரிவதற்குக் காரணமாக இருந்தவர் அவர். கணினிக்கு எழுத்து தெரியாது, எண் மட்டுமே தெரியும். அதனால் நெடுங்கணக்கில் உள்ள ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் கொடுத்தாக வேண்டும். யார் எந்த எண்ணைக் கொடுப்பது என்பதில் ஆளுக்கொரு வழியில் போய்க்கொண்டிருந்த நேரம் அது. அதைப் பேசித் தீர்ப்பதற்காக 1997 மே மாதம் சிங்கப்பூரில் தமிழ் இணைய மாநாடு கூடியது. அதை முன்னின்று நடத்தியவரும் அவரே. 1999இல் அவர் காலமானார். இன்று யூனிகோடு முறையில் 'அ' என்ற எழுத்துக்கு 2949 என்ற எண். கைப்பேசியில் அம்மாவுக்குத் தமிழில் செய்தி அனுப்புகிற ஒவ்வொருவரும் உண்மையில் கணக்கைத்தான் அனுப்புகிறார்கள்.

தாம் உருவாக்கிய தமிழ் மென்பொருளுக்கு அவர் வைத்த பெயர் என்ன தெரியுமா? கணியன். எல்லா ஊரையும் தன் ஊராகப் பாடிய கணியன் பூங்குன்றனாரின் பெயர். கணியன் என்றால் காலத்தைக் கணித்துச் சொல்பவன். கணி, கணியன், கணக்கு, கணினி எல்லாம் ஒரே குடும்பம்.

கேட்கத் தெரிந்தால்தான் கணக்கு

ஞாயிற்றுக்கிழமை மாலை தேக்காவில் கூடும் தொழிலாளர்களின் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டால் அதிலும் இந்தச் சொல்தான் அடிக்கடி வரும். "ஓவர்டைம் கணக்கு இடிக்குதுண்ணே." "எத்தனை மணின்னு நீ எழுதி வச்சியா?" ஒருவர் கைப்பேசியை நீட்டுவார். சற்று ஆங்கிலம் தெரிந்தவர் அதை வாங்கிப் படித்து வரி வரியாகத் தமிழில் சொல்வார். சமயக்கணக்கர் வஞ்சியில் கொள்கையை விளக்கியதுபோல, இவர் புல்தரையில் உட்கார்ந்து சம்பளச் சீட்டை விளக்குகிறார்.

2016 ஏப்ரலிலிருந்து சிங்கப்பூரில் முதலாளிகள் ஊழியர்களுக்கு விவரமான சம்பளச் சீட்டுத் தர வேண்டும் என்பது சட்டம். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, கூடுதல் நேரம் எத்தனை மணி, எதற்காக எவ்வளவு பிடித்தம் என்று தனித்தனியாக இருக்க வேண்டும். உத்தரமேரூர்ப் பெரியவர்கள் கேட்டதும் இதைத்தான். தேயிலைத் தோட்டத்துப் பெண்ணுக்குக் கிடைக்காமல் போனதும் இதுதான்.

ஆனால் சீட்டு கையில் வந்தால் மட்டும் போதாது. அதைப் படிக்க வேண்டும். தவறு இருந்தால், "கணக்குக் காட்டுங்க" என்று கேட்கிற துணிவு வேண்டும். 'கணக்கைப் பார்த்தால் பிணக்கு வரும்' என்று ஒரு பழமொழி நம்மிடம் உண்டு. உறவுக்குள் அது சரியாக இருக்கலாம். கூலிக்கும் பொதுப்பணத்துக்கும் அது பொருந்தாது. அங்கே கணக்குப் பார்க்காவிட்டால்தான் பிணக்கு.

மேத்ஸ் வகுப்பில் நூற்றுக்கு நூறு வாங்குகிற பிள்ளைக்கு வீட்டில் ஒன்று சொல்லிக் கொடுக்கலாம். கணக்கு என்றால் விடை சரியாக வருவது மட்டுமில்லை, அந்த விடை எப்படி வந்தது என்று கேட்டவருக்குச் சொல்லத் தெரிவதும்தான் கணக்கு. அது தெரிந்த பிள்ளை நாளைக்கு ஒரு கம்பெனியின் ஏட்டை எழுதும்போது யாரையும் அரைப்பேர் ஆக்காது.

555 புத்தகத்தில் கடைக்காரர் எழுதியதை வாங்கியவரும் எட்டிப் பார்ப்பார். ஒருவர் எழுத, இருவர் படித்த ஏடு அது. கணக்கு என்ற சொல்லுக்கு அதைவிட நல்ல விளக்கத்தை எந்த அகராதியும் தரப் போவதில்லை.